சுப நிமிடத்துக்கு ஓர் ஓர்டர் இலக்கம்

1. பால்சோறும் திரும்பி வந்த ஓர்டர்களும்

சித்திரை வருடம் பிறந்து பங்குச் சந்தை மறுபடி திறந்த முதல் நாள். கொழும்புக் கோட்டையில் ஒரு தரகுக் கம்பனியின் டீலிங் அறையில், அவர்களின் மென்பொருளைப் பார்த்துக்கொள்ள வந்த நான் கையில் பால்சோற்றுத் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். மூலையில் குத்துவிளக்கு எரிந்தது. மேசை நிறையக் கொக்கிஸ், கேவும் என்று சிங்களப் பலகாரங்கள், வாழைப்பழம். சுப நேரம் வந்ததும் அறை முழுவதும் ஒரே சத்தம். வாழ்த்துச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"மிஸ் கௌரி, ஒக்கொம ஆபஹு எனவா!" என்று தலைமை டீலர் பெரேரா கத்தினார். எல்லாம் திரும்பி வருகிறது என்று அர்த்தம். போய்ப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "டூப்ளிகேட் ஓர்டர்" என்று இருந்தது. பால்சோற்றை அப்படியே தட்டில் வைத்தேன்.

கொழும்பைத் தெரியாதவர்களுக்கு இந்த வழக்கத்தைச் சொல்லவேண்டும். வருடப் பிறப்புக்குப் பிறகு முதல் கொடுக்கல் வாங்கலை நல்ல நேரத்தில் செய்தால் ஆண்டு முழுவதும் கை ஓடும் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. நாங்கள் கைவிசேஷம் என்போம். சிங்களவர்கள் நெகத் என்று நிமிடக் கணக்கில் நேரம் வைத்திருப்பார்கள். கடைக்காரர் அந்த நேரத்தில் முதல் வியாபாரம் செய்வார். பங்கு வாங்குகிறவர் அந்த நேரத்தில் முதல் ஓர்டர் போடுவார். கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடை நடத்தும் முத்தையா முதலாளி போன்றவர்களுக்குப் பஞ்சாங்கமும் வேண்டும், நெகத்தும் வேண்டும். இரண்டும் ஒத்துவருகிற நிமிடத்தில் ஓர்டர் சந்தைக்குள் போயிருக்கவேண்டும்.

போதாக்குறைக்கு, குறித்த நேரத்தில் ஓர்டரைத் தானாக அனுப்பும் வசதி போன் அப்பில் இருந்தது. வாடிக்கையாளர்கள் முதல்நாளே நேரத்தைக் குறித்துவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டார்கள். சுப நிமிடம் பிறந்த முதல் செக்கனில் அத்தனை பேரின் ஓர்டர்களும் ஒன்றாகக் கிளம்பின.

இனி அந்த மென்பொருளின் சங்கதி. ஒவ்வொரு ஓர்டருக்கும் ஓர் இலக்கம் வேண்டும். அந்த இலக்கத்தை வைத்துத்தான் பிறகு விலையை மாற்றுவது, ரத்துச் செய்வது எல்லாம். ஒரே இலக்கத்தில் இரண்டு வந்தால் சந்தை இரண்டாவதைத் திருப்பி அனுப்பிவிடும். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று செய்த அந்தப் பக்கேஜ் திகதி, மணி, நிமிடம், செக்கன், கிளை எண் எல்லாவற்றையும் ஒட்டவைத்து இலக்கம் உண்டாக்கியது. ஒரே கிளையிலிருந்து ஒரே செக்கனில் இரண்டு ஓர்டர் போனால் இரண்டுக்கும் ஒரே இலக்கம். சாதாரண நாட்களில் எப்போதாவது ஒன்று திரும்பி வரும், டீலர் இன்னொரு தரம் அழுத்துவார், போய்விடும். அன்றைக்கு எல்லாம் ஒன்றாகப் போயின, முதலில் போன ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தன. டீலர்கள் மறுபடி ஒன்றாக அழுத்தினார்கள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன்.

முத்தையா முதலாளி போனில் வந்தார். போனை எடுத்த ஓர் இளம் டீலர் ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுத் தப்பிவிட்டான்.

"என்னம்மா இது? நல்ல நேரத்துல போட்ட ஆர்டர் திரும்பி வந்துருச்சுங்கிறாங்க?"

"இப்ப திரும்பப் போடுறம் முதலாளி. ஒரு பிரச்சினையும் இல்லை."

"இப்ப போட்டு என்னாத்துக்கு? நேரம் போயிருச்சே. நட்டம்னா ஈடு குடுப்பீங்க. போன நேரத்துக்கு யாரு ஈடு குடுப்பா?"

சாத்திரத்தில் எனக்குப் பெரிய பற்றுக் கிடையாது. ஆனால் அந்த மனிதர் கேட்டதில் நியாயம் இருந்தது. கேட்ட நிமிடத்தில் கொடுக்கிறோம் என்று நாங்கள்தான் அப்பில் பொத்தான் வைத்திருந்தோம்.

2. நெகத்தைப் பரவலாக்கும் யோசனை

நான் வேலை செய்தது வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்த சிறிய மென்பொருள் கம்பனியில். அந்த வெளிநாட்டுப் பக்கேஜை இங்கே பராமரிப்பது எங்கள் பொறுப்பு. பிள்ளை அவர்களுடையது, அழுதால் தூக்குவது நாங்கள். ஓர்டர் பகுதியில் நானும் ஜெனிற்றாவும். நான் எழுதுவேன், அவள் உடைப்பாள். கொட்டாஞ்சேனைக்காரி, டெஸ்டிங்கில் கெட்டிக்காரி. ஒரு புரோகிராம் ஒழுங்காக ஓடினால் அவளுக்கு முகம் சுண்டிவிடும்.

எங்கள் கம்பனி முதலாளி நித்தியானந்தன். எல்லோருக்கும் நித்தி அண்ணை. அன்று பின்னேரம் பெரேராவின் கம்பனியில் கூட்டம் முடிந்து வந்தவர் கதிரையில் இருந்து நெற்றியைத் தேய்த்தார்.

"கௌரி, அடுத்த சித்திரைக்கும் இப்பிடி நடந்தால் அவையள் வேற ஆளைப் பாப்பினம். சொல்லிப்போட்டினம். அவையள் போனால் ஓர்டர் செக்ஷனை நான் வச்சிருக்கேலாது. உமக்கு ஒளிக்க ஒண்டுமில்லை."

எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கொழும்பில் கம்பனிகள் எல்லாம் கல்லூரியால் நேற்று வெளியே வந்த பிள்ளைகளைத்தான் தேடுகின்றன. இந்த வேலை போனால் எனக்கு இன்னொரு வேலை கிடையாது என்பது எனக்கும் தெரியும், அண்ணைக்கும் தெரியும். பயந்தேன் என்றே எழுதுகிறேன். பயத்தோடு கோபமும் வந்தது, கோபம்தான் எனக்கு எப்போதும் உதவுவது.

பக்கேஜ் செய்தவர்களுக்கு எழுதினோம். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. வாடிக்கையாளர்கள் ஓர்டர்களைக் கொஞ்சம் முன்பின்னாகப் போட்டால் சிக்கல் தீருமாம். பெரேரா அதை வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவர் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் பேசுவார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"நெகத்தைப் பரவலாக்கச் சொல்கிறார்கள். நாட்டில் உள்ள சோதிடர் எல்லாருக்கும் நான் கடிதம் போடவா, மிஸ் கௌரி?"

எங்கள் வற்புறுத்தலில் அவர்கள் இரண்டாவதாக ஒன்று தந்தார்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து, ஒரு வரியை நிரப்பும் நீளத்தில், கண்டபடி உருவாகும் இலக்கம். உலகத்தில் எங்குமே இரண்டு தரம் வராது என்றார்கள். அது உண்மைதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் டீலிங் அறையில் ஓர்டரை இன்னமும் பலர் போனில்தான் போடுகிறார்கள். டீலர் இலக்கத்தை வாசிப்பார், மற்றப் பக்கம் கடைக்குள் லொறிச் சத்தத்துக்கும் கூலிக்காரர் சத்தத்துக்கும் நடுவில் ஒருவர் எழுதிக்கொள்வார். பரீட்சார்த்தமாகப் பெரேராவே முத்தையா முதலாளிக்கு ஒன்றை வாசித்துக் காட்டினார். B ஃபோர் பம்பலப்பிட்டி, D ஃபோர் தெஹிவளை என்று பாதி வழி போனபோது மற்றப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

பெரேரா ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எண் மட்டும் இருக்கவேண்டும். போனில் ஒரு மூச்சில் சொல்ல வரவேண்டும். இரண்டு பேருக்கு ஒன்று வரக்கூடாது. உங்களால் முடியுமா?"

"முடியும்" என்றேன். எப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது.

3. கடிகாரத்தை வெளியே எடுத்தேன்

இலக்கம் உண்டாக்கும் பகுதியை மட்டும் நாங்கள் எழுதி மாற்றிக்கொள்ள பக்கேஜ்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். பிழை வந்தால் பழி முழுவதும் உங்களுக்கு என்று ஒரு வசனத்தையும் சேர்த்தே எழுதியிருந்தார்கள்.

நித்தி அண்ணை சுலபமான வழி ஒன்று சொன்னார். "செக்கனோட நிப்பாட்டாமல் மில்லி செக்கனையும் சேர்ப்பம். சரிதானே?"

"மா அரிக்கிற அரிதட்டின்ர கண்ணைச் சின்னதாக்கிறம் அண்ணை. ஆனாலும் அது அரிதட்டுத்தான். இன்னும் கனபேர் சேர்ந்து அழுத்தினால் அதிலயும் ரெண்டு விழும்."

அதோடு கடிகாரத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. சேர்வரின் கடிகாரம் சில வேளை கொஞ்சம் முந்தி ஓடும். அதைச் சரிசெய்யும்போது நேரம் பின்னுக்குப் போகும். போன நேரம் திரும்ப வந்தால் கொடுத்த இலக்கமும் திரும்ப வரும். நேரத்தை நம்பி இலக்கம் செய்கிற பிள்ளைகள் இதை மறக்கவேண்டாம்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது பிறந்த நேரம், ஆஸ்பத்திரி, வார்டு எல்லாவற்றையும் பெயருக்குள் வைப்போமா? அதெல்லாம் சாதகத்தில் இருக்கும். ஓர்டர் எப்போது வந்தது, எந்தக் கிளை, எந்த டீலர் என்ற விபரம் முழுவதும் தரவுத்தளத்தில் தனித்தனிக் கட்டங்களில் ஏற்கெனவே கிடக்கிறது. அதையே திரும்ப இலக்கத்துக்குள் திணித்துவிட்டு, திணித்ததாலேயே அடிபடுகிறோம். இலக்கத்திலிருந்து கடிகாரத்தைக் கழற்றினேன், கிளையையும் கழற்றினேன். மிஞ்சியது வெறும் எண் வரிசை.

எண் வரிசை என்றால் ஒருவர் எண்ணவேண்டும். எல்லாச் சேர்வர்களும் ஒவ்வொரு ஓர்டருக்கும் ஒரே இடத்தில் வந்து அடுத்த எண் என்ன என்று கேட்டால், சுப நிமிடத்தில் அந்த இடத்தில் கியூ நீண்டுவிடும். அதற்கு நான் செய்த வழியைப் பஸ்ஸில் போகிற எவரும் அறிவார்கள். டிப்போவில் ஒவ்வொரு கொண்டக்டருக்கும் ஒரு ரிக்கெற் புத்தகம் கொடுத்து விடுவார்கள். தெருவில் ஓடும்போது ஒருவரை ஒருவர் கேட்கத் தேவையில்லை. அவரவர் புத்தகத்தில் கிழித்தால் ஒருபோதும் ஒரே இலக்கம் இரண்டு பேரிடம் வராது. அதே மாதிரி ஒவ்வொரு சேர்வரும் காலையில் ஆயிரம் எண்கள் கொண்ட ஒரு கட்டை வாங்கிக்கொள்ளும். இந்தக் கட்டு போய்விட்டது என்று தரவுத்தளத்தில் எழுதிய பிறகுதான் கட்டு சேர்வரின் கைக்கு வரும். முடியப்போகும்போது அடுத்த கட்டு.

இலக்கத்தின் கடைசியில் ஒரு சோதனை எண்ணைச் சேர்த்தேன். முன்னால் உள்ள எண்களைக் கொண்டு கணக்கிட்டு வருவது அது. போனில் ஓர் எண்ணை மாற்றிக் கேட்டுவிட்டால் கணக்குப் பொருந்தாது, திரை ஏற்காது. ஒருவருடைய ரத்து இன்னொருவருடைய ஓர்டரில் விழும் ஆபத்து இதனால் குறைந்தது.

பெரேரா முதல் மாதிரி இலக்கத்தை இரண்டிரண்டு எண்ணாக வாசித்துப் பார்த்தார். ஒரு மூச்சுக்குள் முடிந்தது. "ஹரி ஷோக்" என்றார். அருமை என்று அர்த்தம். அன்றைக்கு நான் காலி வீதியில் பஸ் பிடிக்காமல், வெயிலையும் பார்க்காமல், கடற்கரைப் பக்கமாக நடந்தே வீட்டுக்குப் போனேன்.

4. வீணாகும் எண்கள்

சண்டை பிறகுதான் வந்தது, அதுவும் எங்கள் கம்பனிக்குள்ளேயே.

ஜெனிற்றா ஒரு நாள் வந்து, "அக்கா, ஓடிக்கொண்டிருக்கிற சேர்வரின்ர வயரை இழுக்கட்டா?" என்று கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இழு" என்றேன். இழுத்தாள், சேர்வர் விழுந்தது. மறுபடி எழும்பியதும் கையிலிருந்த கட்டில் மிச்சம் கிடந்த எண்கள் எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதுக் கட்டு ஒன்றை வாங்கியது. நான் எழுதியது அப்படித்தான்.

நித்தி அண்ணை இதைப் பார்த்துவிட்டார்.

"என்ன கௌரி, இவ்வளவு பெரிய இடைவெளி? அந்த எண்ணெல்லாம் எங்க?"

"எறிஞ்சாச்சு அண்ணை."

"ஏன் வீணாக்கிறீர்? எந்த எண்ணில நிண்டதோ அதுக்கு அடுத்ததில இருந்து துவங்கினால் என்ன?"

"விழுந்து எழும்பினவனுக்குத் தான் எங்க நிண்டனான் எண்டு சரியாத் தெரியுமோ?"

"அதுக்குத்தானே ஃபைலில எழுதி வைக்கிறது. ஒவ்வொரு ஓர்டரும் போகப் போக எழுதினால் சரி."

"ஓர்டர் சந்தைக்குப் போய், ஃபைலில எழுத முன்னம் கரண்ட் போனால்?"

"அந்த இடைக்குள்ளயோ? அப்பிடி நடக்கிறது ஆயிரத்தில ஒண்டு."

"அந்த ஒண்டு சுப நேரத்திலதான் அண்ணை வரும்."

அவர் பயந்ததிலும் காரணம் இருந்தது. எங்கள் நாட்டில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் ஒரு தாள் காணாமற் போனால் யாரோ எதையோ விழுங்கிவிட்டான் என்றுதான் அர்த்தம். சின்ன வயதிலிருந்து அப்படிப் பழகியவர்கள் நாங்கள். தரகுக் கம்பனியின் கணக்குகளைச் சோதிக்கும் ஓடிற்றரும் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். இடையில் எண்கள் இல்லையே, ஓர்டர்களை ஒளிக்கிறீர்களா என்று. எந்தக் கட்டு எந்தச் சேர்வருக்குப் போனது, எதுவரை பயன்பட்டது, மிச்சம் ஏன் விடப்பட்டது என்று தரவுத்தளம் காட்டும் என விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு, தொடர்ச்சியாக வந்தால் இன்னும் வடிவாக இருக்கும் என்று நித்தி அண்ணையிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தை இளம் பிள்ளைகள் கவனமாக வாசிக்கவேண்டும். இரண்டு பேருக்கு ஒரே எண் வராது என்பது ஒரு வாக்குறுதி. நடுவில் ஓர் எண்ணும் விடுபடாது என்பது வேறொரு வாக்குறுதி. கேட்பவர்கள் இரண்டையும் ஒன்றென்றே நினைப்பார்கள். இயந்திரங்கள் விழுந்து எழும்பும் இடத்தில் இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றப் போனால், அவசரம் வரும்போது முதலாவதுதான் உடையும். நான் முதலாவதை மட்டும்தான் பெரேராவுக்குக் கொடுத்திருந்தேன்.

வருடப் பிறப்பு விடுமுறைக்கு ஒபிஸ் பூட்டும் நாளில் நித்தி அண்ணை என் மேசைக்கு வந்தார். நின்ற இடத்திலிருந்து தொடங்கும் வழியை அவர் இன்னொருவரைக் கொண்டு எழுதுவித்திருந்தார்.

"இதைப் போடுவம் கௌரி. ஓடிற்றர் சந்தோஷப்படுவார், பெரேராவும் ஒண்டும் சொல்லமாட்டார்."

"போடுங்கோ. ஆனால் என்ர கையெழுத்து அதில இருக்காது. என்ர பேரையும் எடுத்துவிடுங்கோ. நாளைக்கு ரெண்டு ஓர்டருக்கு ஒரு நம்பர் வந்தால் நான் பொறுப்பில்லை."

"என்னை வெருட்டுறீரோ?"

"ஓம்" என்றேன். முதலாளியிடம் அப்படி ஒரு ஓம் சொல்வதற்கு எனக்கு அதுவரை துணிவு வந்ததில்லை. அவர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு, "சரி, உம்மட வழியிலயே போவம். ஆனால் பிழை வந்தால் ரெண்டுபேரும்தான் வீட்டில" என்று சொல்லிவிட்டுப் போனார்.

5. மறுபடி சித்திரை

அதே டீலிங் அறை, அதே குத்துவிளக்கு. இந்தத் தடவை பால்சோற்றுப் பக்கமே நான் போகவில்லை. ஜெனிற்றா ஒரு திரையிலும் நான் இன்னொரு திரையிலும் இருந்தோம். நித்தி அண்ணை நெற்றி நிறையத் திருநீற்றோடு பின்னால் நின்றார். பெரேரா வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணைக் கடிகாரத்திலேயே வைத்திருந்தார்.

நிமிடம் பிறந்தது. ஓர்டர்கள் வரத் தொடங்கின. வரி வரியாகத் திரையில் ஏறின, எல்லாம் பச்சை. ஒன்று சிவப்பாக வருமோ என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. ஒன்றும் வரவில்லை.

திடீரென்று விளக்குகள் அணைந்தன. கட்டடம் முழுவதும் கரண்ட் போய்விட்டது. எங்கிருந்தோ ஜெனரேட்டர் உறுமி எழும்பியது, விளக்குகள் வந்தன. ஆனால் இரண்டு சேர்வர்களில் ஒன்றின் பற்றரி கைவிட்டிருந்தது. அது விழுந்துவிட்டது. என் திரையில் பாதி கறுத்துப் போனது.

"தெய்யோ சாக்கி" என்று பெரேரா தலையில் கைவைத்தார். கடவுளே என்பது மட்டும்தான் அவருக்கு அப்போது வாயில் வந்தது. நித்தி அண்ணையின் கை என் கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்தது.

மற்றச் சேர்வர் தன் கட்டிலிருந்து இலக்கம் கொடுத்தபடியே ஓடியது. விழுந்தது எழும்பியது. பழைய கட்டின் மிச்சத்தை எறிந்தது, புதுக் கட்டு எடுத்தது, நின்ற ஓர்டர்களை அனுப்பத் தொடங்கியது. மறுபடி பச்சை. நிமிடம் முடிவதற்குள் காத்திருந்த கடைசி ஓர்டரும் சந்தைக்குள் போய்விட்டது. ஒரு சிவப்பு வரி இல்லை.

டீலர்கள் எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். பெரேரா என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நான் சிரித்தேனா அழுதேனா என்று ஜெனிற்றாவைத்தான் கேட்கவேண்டும்.

அவள் அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. நித்தி அண்ணையின் வழியில் எழுதிய ஃபைலை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அவள் ஒரு பக்கத்தில் ஓடவிட்டிருந்தாள். அதைத் திறந்து அண்ணையைக் கூப்பிட்டாள்.

"அண்ணை, இதைப் பாருங்கோ. சேர்வர் விழேக்க ஃபைலில இருக்கிற கடைசி நம்பர் இது. சந்தை ஏற்றுக்கொண்ட கடைசி நம்பர் இது."

சந்தை ஏற்ற எண் ஃபைலில் கிடந்ததைத் தாண்டி நின்றது. கரண்ட் போன அந்த இடைக்குள் சில ஓர்டர்கள் சந்தைக்குப் போய்விட்டன, ஃபைலில் ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்து தொடங்கியிருந்தால் அந்த எண்களே அடுத்த ஆட்களுக்குப் போயிருக்கும், போன வருடத்துச் சிவப்பு வரிகள் திரும்ப வந்திருக்கும். நித்தி அண்ணை இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆயிரத்தில ஒண்டு" என்றார் மெதுவாக.

"சுப நேரத்தில வந்தது" என்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த வசனத்தை யார் விடுவார்கள்?

அவர் கோபிக்கவில்லை. தட்டில் இருந்த கேவுமை எடுத்து என் கையில் வைத்து, "முதல்ல சாப்பிடும்" என்றார். பெரேரா அன்றைக்கே எங்களோடு வேலையைத் தொடர்வதாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், மற்றக் கிளைகளின் ஓர்டர் பகுதியையும் எங்களிடமே தந்துவிடுவதாகவும் சொன்னார். என் வேலை தப்பியது. ஜெனிற்றாவின் வேலையும் தப்பியது. அடுத்த மாதமே ஓர்டர் பகுதிக்குப் புதிதாக ஆட்களும் எடுத்தோம்.

6. எட்டு

நாங்கள் வெளிக்கிட ஆயத்தமான நேரம் போன் வந்தது. முத்தையா முதலாளி. அதே இளம் டீலர் இந்தத் தடவையும் ரிசீவரை என்னிடமே தந்தான். நான் பெருமையோடு வாங்கினேன்.

"அம்மா, ஆர்டர் நல்ல நேரத்துல போயிருச்சு. ரொம்பச் சந்தோஷம். நீங்க நல்லா இருக்கணும்."

"நன்றி முதலாளி."

"ஒரே ஒரு கொறைதான். அந்த நம்பரக் கூட்டிப் பாத்தேன். எட்டு வருது."

எண் சாத்திரத்தில் எட்டு சனியின் எண், ஆகாது என்பார்கள் என்பது எனக்கு முதலில் நினைவுக்கு வரவில்லை. விளங்கியதும் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு அறைக்குச் சொன்னேன். அறை வெடித்தது. பெரேரா சிரித்துச் சிரித்து மேசையில் சாய்ந்துவிட்டார்.

"முதலாளி, போன ஓர்டரின்ர நம்பரை மாத்தேலாது. அது வெறும் பேர் மாதிரி. அதில பலன் ஒண்டுமில்லை."

"உங்களுக்கு இல்லம்மா. எனக்கு இருக்கு. அடுத்த வருசமாவது எட்டு இல்லாமக் குடுங்க. நம்ம மார்க்கெட்டுல எல்லாரும் இதத்தான் கேப்பாங்க."

போனை வைத்தேன். நித்தி அண்ணை கொஞ்சம் தள்ளி நின்று எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்ட வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"கௌரி, கூட்டினால் எட்டு வாற நம்பரை எல்லாம் விட்டுவிட்டுப் போகேலாதோ?"

நான் அவரை நன்றாகப் பார்த்தேன்.

"ஒன்பதில ஒரு நம்பர் வீணாப் போகுமே அண்ணை?"

"போகட்டும்" என்றார். "அதில என்ன வந்தது?"

அடுத்த நாள் ஒரே ஒரு வரியில் அதை எழுதி முடித்தேன். ஜெனிற்றா எப்படியாவது ஓர் எட்டைப் பிடித்துவிடப் பார்த்தாள், முடியவில்லை. இலக்கத்தில் அர்த்தம் வைக்கக்கூடாது என்று கழற்றி எறிந்தவளே எட்டுக்குப் பயந்து வழி விட்டாளே என்று என் வயதுக்காரர்கள் கேலி பண்ணுகிறார்கள். நான் இலக்கத்துக்குள் ஒன்றையும் வைக்கவில்லை. வேண்டாத சிலவற்றைக் கொடுக்காமல் விட்டேன், அவ்வளவுதான். எந்த எண்ணை விட்டாலும் இரண்டு பேருக்கு ஒன்று வரப்போவதில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் இருப்பது இதுதான். வேலை கேட்டு வருகிறவர் பத்து விஷயம் கேட்பார். அதில் எந்த ஒன்று உடைந்தால் எல்லாம் உடையுமோ அதை மட்டும் வாக்காகக் கொடுங்கள், கொடுத்த பிறகு முதலாளி வந்து கேட்டாலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். நான் அந்தப் பத்துக்கும் வாக்குக் கொடுத்திருந்தால் அன்றைக்குக் கரண்டோடு சேர்ந்து நானும் போயிருப்பேன். ஒன்றே ஒன்று கொடுத்திருந்தபடியால்தான், கடைசியில் ஒரு கொட்டாஞ்சேனை முதலாளிக்காக எட்டையும் என்னால் தாண்டிப் போக முடிந்தது.